நேர்காணலுக்கு மட்டும் எழுப்பவும்

மேலே இஸ்திரி மடிப்பு கலையாத நீலச் சட்டை. கீழே ஆஸ்பத்திரியில் தருவதுபோல் நாடா வைத்த பச்சைக் கால்சட்டை. நவநீதனை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கேமரா மார்புவரைதான் பார்க்கும்.

ஜெசிந்தா அவன் காலரைச் சரிசெய்தாள். ஊழியர் ஒதுக்கீட்டுப் பிரிவில் அவனுடைய கோப்பு அவளிடம் இருந்தது. முதல் முறை அவனை எழுப்பியபோது கல்லூரி முடித்த கையோடு வந்தவள்போல இருந்தாள். பிறகு ஒரு முறை விரலில் மோதிரம் இருந்தது. இந்த முறை மூக்குக் கண்ணாடி, காதோரம் நரை.

“தண்ணி குடிங்க சார். தொண்டை காஞ்சிருக்கும்.”

குடித்தான். தண்ணீர் எதுவரை இறங்குகிறது என்று தெரிந்தது.

“என்ன மாசம்?”

“அக்டோபர்.”

வருடத்தைக் கேட்கவில்லை. அதை மனைவி சுகந்தியின் முகத்தில் பார்த்துக்கொள்வான்.

“இன்சூரன்ஸ் கம்பெனி சார். ஒஹாயோ. பழைய சிஸ்டத்தை மாத்தறாங்க. நீங்க அப்படியே பொருந்தறீங்க.”

“போன தடவையும் பொருந்தினேன்.”

ஜெசிந்தா விளக்கை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

சரவணம்பட்டியில் இருந்த அந்த நிறுவனம், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆள் வைத்து மென்பொருள் வேலை செய்து கொடுப்பது. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை ஊழியர் காத்திருப்பதற்குப் பெஞ்ச் என்று பெயர். முன்பெல்லாம் பெஞ்சில் இருப்பவர்கள் காலையில் வந்து அட்டையைத் தேய்ப்பார்கள். டீ குடிப்பார்கள். ஆன்லைன் பாடம் ஒன்றை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பயந்துகொண்டே ஓய்வெடுப்பார்கள். பிறகு, உடம்பைக் குளிரூட்டி மாதக்கணக்கில் தூங்க வைக்கும் குளிர்துயில் மலிவாகிவிட்டது. நிறுவனம் இரண்டு தளங்களைக் காலி செய்து படுக்கைப் பெட்டிகளைப் போட்டது. ப்ராஜெக்ட் இல்லாதவர் தூங்கலாம், பாதிச் சம்பளம் வீட்டுக்குப் போகும். தூங்க விருப்பமில்லாதவர் ராஜினாமா செய்யலாம்.

நன்மைகளை ஒரு இளைஞன் படம் போட்டு விளக்கினான். தூங்கும்போது வயது ஏறாது. பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு தொடரும். வங்கிக் கடன் நிற்காது. சத்தி ரோட்டு நெரிசல் இல்லை. அவன் சொன்னதில் எதுவும் பொய் இல்லை.

அப்போது குரும்பபாளையத்தில் புதிதாக வீடு வாங்கியிருந்தார்கள். மகள் தாரணி இரண்டாம் வகுப்பு. சந்தை படுத்துக் கிடந்தது. அதிகபட்சம் ஒரு காலாண்டு என்றார்கள். நவநீதன் கையெழுத்துப் போட்டான்.

முதல் முறை எழுப்பியபோது நேர்காணல் நன்றாகப் போனது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம், அதுவரை படுங்கள் என்றார்கள். கண் விழித்தபோது திங்கட்கிழமை இல்லை. இன்னொரு சட்டை, இன்னொரு வாடிக்கையாளர். அதிலும் தேறினான். ப்ராஜெக்ட் கிடைத்தால் விழித்திருக்கலாம், மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பி ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்துப் பதில் சொன்னான். நான்கைந்து முறைக்குப் பிறகுதான் ஜெசிந்தாவிடம் கேட்டான். அவளுக்கு அப்போது புதிது, மறைக்கத் தெரியவில்லை.

“உங்க ப்ரொஃபைல்தான் சார் ப்ராஜெக்ட்டை வாங்கித் தருது. நீங்க பேசினா கிளையண்ட் சைன் பண்ணிடறாங்க. வேலையை சின்னப் பசங்க பாத்துக்கறாங்க. மூணு பேரை வச்சாலும் உங்க சம்பளம் வராது.”

“என் பேருலயா?”

“உங்க பேருல. கேமரா ரிப்பேர்னு சொல்லிடுவாங்க.”

“அப்ப நான்?”

“உங்களை ஒரு ப்ராஜெக்ட்ல போட்டுட்டா அடுத்த இன்டர்வியூவுக்கு யாரு சார் உக்கார்றது?”

அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தான். ஏற்றுக்கொண்டார்கள். நோட்டீஸ் காலம் மூன்று மாதம். அடுத்த முறை எழுந்ததும் எப்போது முடிகிறது என்று கேட்டான். விழித்திருக்கும் நேரம் மட்டுமே நோட்டீஸ் கணக்கில் சேரும் என்று ஜெசிந்தா சொன்னாள். ஒப்பந்தத்தில் இருந்தது. அவன் விழித்திருப்பது ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

வேண்டுமென்றே தவறாகப் பதில் சொல்லவும் முடியாது. பழைய நேர்காணல்களின் பதிவு இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்து, ஏமாற்றினான் என்று தெரிந்தால் தூங்கிய காலத்துச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரே ஒரு வழிதான் இருந்தது. வாடிக்கையாளர் தானாக அவனை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நிராகரிக்கப்பட்ட ப்ரொஃபைலை யாரும் சும்மா வைத்துக் குளிரூட்டுவதில்லை. அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவனை யாரும் நிராகரித்ததில்லை.

நேர்காணல் முடிந்ததும் பத்து நிமிடம் குடும்பத்தைப் பார்க்க விடுவார்கள். சுகந்தி தவறாமல் வருவாள். காந்திபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருவாள். தாரணியை ஒரு முறை கூட்டி வந்தாள். அப்போது ஆறாம் வகுப்பு. அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பச்சைக் கால்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு வரவில்லை. சுகந்தி கைபேசியில் மகளின் படத்தைக் காட்டுவாள். ஒவ்வொரு படத்திலும் வேறொரு பெண் இருந்தாள்.

போன முறை சுகந்தி அவனை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“கண்ணாடி பாத்தீங்களா? எனக்குத் தம்பியாட்டம் இருக்கீங்க. இனி நீங்கதானுங்க என்னை வாங்க போங்கன்னு கூப்பிடோணும்.”

“சரிங்க,” என்றான்.

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக் கடன் இந்த வருடத்தோடு முடிகிறது என்றாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“போதுமுங்க. வீட்டுக்கு வந்துருங்க. எப்படியாச்சும்.”

அந்த எப்படியாச்சும் அவனோடு தூங்கி அவனோடு எழுந்திருந்தது.

ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நேர்காணலின்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. திரையில் ஒரு வெள்ளைக்காரர் தோன்றினார். பெயர் ஸ்டீவ். பின்னால் புத்தக அலமாரி. நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்து காலை வணக்கம் சொன்னான்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்,” என்றார் ஸ்டீவ், ஆங்கிலத்தில்.

வாய் தானாகப் பேசியது. எத்தனை வருட அனுபவம், எந்தெந்தத் துறை, எத்தனை பேர் கொண்ட குழு. அனுபவ வருடங்களில் தூங்கியதும் சேர்த்தி. பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே மயில் அகவியது. கட்டடத்துக்குப் பின்னால் முள்காடு இருந்தது. அங்கே மயில்கள் உண்டு. கையெழுத்துப் போட்ட காலத்திலும் இருந்தன.

ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அதே அகவல் ஒலிபெருக்கியில் கேட்டது.

நவநீதன் பேச்சை நிறுத்தினான். ஸ்டீவ் காத்திருந்தார். மயில் மறுபடி அகவியது. முதலில் சுவருக்கு அப்பால். பிறகு ஒஹாயோவில்.

“மன்னிக்கவும், இணைப்பில் ஏதாவது…” என்று ஸ்டீவ் ஆரம்பித்தார்.

“நீங்களும் இங்கதான் இருக்கீங்களா?” என்று தமிழில் கேட்டான்.

ஸ்டீவின் முகம் அசையவில்லை. அசைய வேண்டாம் என்று அந்த முகத்துக்கு யாரோ சொன்னதுபோல் நின்றது. பிறகு உதடுகள் பிரிந்தன.

“மூணாவது மாடிங்க. நீங்க?”

முகத்தையும் குரலையும் மாற்றும் மென்பொருள் தமிழையும் விடவில்லை. அமெரிக்கத் துரை ஒருவர் கோயம்புத்தூர்த் தமிழ் பேசுவதுபோல் இருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் நவநீதன் சிரித்திருப்பான்.

“ரெண்டாவது. இது ரெகார்ட் ஆகுமே.”

“ஆகும். யாரும் பாக்க மாட்டாங்க. மார்க்கை மட்டுந்தான் பாப்பாங்க. ஏதாச்சும் தகராறு வந்தாத்தான் போட்டுப் பாப்பாங்க.”

அவர் பெயர் திருமூர்த்தி. சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. வாடிக்கையாளர்களுக்கு நேர்காணல் நடத்த நேரம் இல்லாமல் போய்விட்டதாம். அந்த வேலையையும் வெளியே கொடுத்தார்கள். அதை இந்த நிறுவனமே வேறொரு பெயரில் எடுத்துக்கொண்டது. கேள்வி கேட்க அனுபவசாலிகள் தேவைப்பட்டார்கள். அவர்களும் பெஞ்சில்தான் இருந்தார்கள்.

“நம்ம ஆளையே நாமளே கேள்வி கேக்கறது. ரெண்டு பக்கமும் காசு,” என்றார் திருமூர்த்தி. “உங்களை ஆறு தடவை செலக்ட் பண்ணியிருக்கறனுங்க. ஒரு தடவை பொம்பளையாக்கூட வந்தேன். மார்த்தா.”

நவநீதனுக்கு மார்த்தாவை நினைவிருந்தது. அவன் பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தவள். அன்றைக்கு எப்படியும் ப்ராஜெக்ட் கிடைத்துவிடும் என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தான்.

“என்னை வேண்டாம்னு சொல்லுங்க,” என்றான். “வீட்டுக்குப் போகோணும். வேற வழி இல்லைங்க.”

புத்தக அலமாரிக்கு முன்னால் ஸ்டீவ் கண் சிமிட்டாமல் இருந்தார்.

“நல்லாப் பேசற ஆளு நீங்க. வர்றவன் எல்லாம் மனப்பாடம் பண்ணீட்டு வர்றான். நீங்க வந்தா எனக்கே வேலை பாக்கற மாதிரி இருக்கும்.” குரல் தாழ்ந்தது. “குழந்தைங்க இருக்குதா?”

“ஒரு பொண்ணு. காலேஜ். உங்களுக்கு?”

“பையன். எத்தனாவதுன்னு இப்பத் தெரியாது. பாக்க வர்றதை நிறுத்தீட்டாங்க.”

நவநீதன் அவரையும் வெளியே வரச் சொன்னான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அர்த்தமில்லாதது என்று புரிந்தது.

“என்னை யாருங்க ரிஜெக்ட் பண்றது?” என்றார் திருமூர்த்தி. “நான் கேள்வி கேக்கறவன். கிளையண்டுக்கும் நான்தான், காலேஜ்ல இருந்து வர்ற பசங்களுக்கும் நான்தான். எவனாச்சும் வராமப் போனாத்தான் எனக்கு லீவு. அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் வந்து பாக்க மாட்டாங்க. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டு மயில் பாத்துட்டிருப்பேன்.”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“ஒதுக்கீட்டுப் பிரிவுல இருக்கறவங்க, வேலை போனாலும் பரவாயில்லைன்னு துணிஞ்சா யாரை வேணும்னாலும் எழுப்பி வெளிய அனுப்பலாம். அவங்க கையிலதான் இருக்குது. வெளிய போய் அந்தப் பிரிவுல யாரையாச்சும் தெரிஞ்சா என் பேரைச் சொல்லுங்க. உடுமலைப்பேட்டை திருமூர்த்தி. அது போதும்.”

“சொல்றனுங்க,” என்றான் நவநீதன்.

ஸ்டீவ் தொண்டையைச் செருமினார். ஆங்கிலத்துக்குத் திரும்பினார்.

“நன்றி. கடைசியாக, என்னிடம் கேட்க உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?”

எல்லா நேர்காணலிலும் வரும் கேள்வி. நவநீதனிடம் அதற்குத் தயாராக மூன்று கேள்விகள் எப்போதும் இருக்கும். இன்று ஒன்றும் இல்லை என்றான்.

முடிவு வருவதற்குள் அவன் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தான். ஜெசிந்தா கையில் இருந்த திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“தகவல் தொடர்புத் திறன் போதாதுன்னு போட்டிருக்காங்க. உங்களுக்கா?”

அவன் தோளைக் குலுக்கினான். அவள் அவனையே பார்த்தாள். அவளிடம் திருமூர்த்தியைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பதிவைப் போட்டுப் பார்ப்பார்கள். இன்றைய நிராகரிப்பு செல்லாது என்பார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் உள்ளே வந்த அன்று போட்டிருந்த பேண்ட், செருப்பு, சார்ஜ் ஏறாத கைபேசி. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். வாசல்வரை வந்தவள், போயிட்டு வாங்க என்று சொல்ல ஆரம்பித்து, வராதீங்க சார் என்று முடித்தாள்.

வீட்டில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. குளியலறைக் கதவை மாற்றியிருந்தார்கள். அவன் கையெழுத்துப் போட்ட வருடம் வைத்த கொய்யா மரத்தை வெட்டிவிட்டு அங்கே ஸ்கூட்டர் நின்றது. சுகந்தி அவனை எங்கே உட்காரச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று கேட்டாள். சுகந்தி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

ராத்திரி படுக்கப் பயமாக இருந்தது. கண்ணை மூடித் திறந்தால் எல்லாரும் இன்னும் வயதாகி இருப்பார்கள் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க நாற்காலியிலேயே தூங்கினான்.

தாரணி அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். அவன் வந்தால் எழுந்து நின்றாள். அப்பா என்று கூப்பிடும் முன் ஒரு சின்ன இடைவெளி விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சுகந்தி கடைக்குப் போயிருந்தபோது, கூடத்தில் வந்து எதிரே உட்கார்ந்தாள். மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கீழே சாயம் போன பூப்போட்ட நைட் பேண்ட்.

“நாளைக்குப் பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூங்கப்பா. கேம்பஸ்ல வந்திருக்காங்க.” நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சொன்னாள். “நீங்க இதுல பெரிய ஆளுன்னு அம்மா சொன்னாங்க. ஒரு தடவை கேட்டுப் பாக்கறீங்களா?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். மதிப்பெண், படித்த மொழிகள், பலம், பலவீனம். மூச்சு விடும் இடம்கூட மனப்பாடம் செய்தது.

“தமிழ்ல சொல்லு.”

“அங்க தமிழ்லயா கேப்பாங்க?”

“நான் கேக்கறேன்.”

தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏழாவதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் தையல் போட்டது. எட்டாவதில் கணக்கில் தோற்றதும், அம்மாவிடம் மறைத்ததும். அப்பா எங்கே என்று பள்ளியில் கேட்டால் வெளிநாடு என்று சொல்லிப் பழகியது. பச்சைக் கால்சட்டையைப் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தது. பாதியில் நிறுத்தினாள்.

“இன்னும்,” என்றான்.

“அவ்வளவுதாங்கப்பா.”

“எதுக்கு எங்க கம்பெனியில சேரோணும்னு நெனக்கறீங்க?”

அவள் சட்டையின் கைப்பொத்தானைப் போட்டாள், கழற்றினாள்.

“ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கறேன். யாரை எப்ப எழுப்பறதுன்னு முடிவு பண்ற இடமாம். உங்களை எழுப்பலாம்னுதான். இப்ப நீங்களே வந்துட்டீங்க.” சிரிக்கப் பார்த்தாள். “போறதா வேண்டாமான்னு தெரியலீங்க. அம்மா போகச் சொல்றாங்க. கடன் முடிஞ்சாலும் வேற சம்பளம் இல்லையேன்னு.”

“சேர்ந்த உடனே அந்தப் பிரிவுல போட்டுருவாங்களா?”

“இல்லீங்க. ஆர்டர் வர்ற வரைக்கும் புதுசா சேர்றவங்க எல்லாம் பெஞ்ச்தான். ஒரு காலாண்டுக்கு மேல போகாதுன்னு சொன்னாங்க.”

வெளியே ஸ்கூட்டர் ஒன்று போனது. நவநீதன் மகளின் முழங்கையைப் பார்த்தான். சட்டைக்குள் தையல் தெரியவில்லை.

“கடைசிக் கேள்வி,” என்றான். “எங்கிட்டக் கேக்க ஏதாச்சும் இருக்குதா?”

“இருக்குதுங்கப்பா.” அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்கு அவள் மனப்பாடம் எதுவும் செய்திருக்கவில்லை. “உள்ளே எழுப்ப வேண்டிய ஆளு வேற யாராச்சும் இருக்காங்களா? இருந்தாச் சொல்லுங்க. நான் போறேன்.”

அவனுக்குப் பெயர் நாக்கில் இருந்தது. ஊரும் சேர்ந்து இருந்தது.

“இல்ல கண்ணு,” என்றான். “யாரும் இல்ல.”

தாரணி காலர் பொத்தானைக் கழற்றினாள்.

“அப்ப நான் போகலீங்கப்பா.”

சட்டையை மாற்ற உள்ளே போனாள். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். நாளைக்குப் பத்து மணிக்குத் திருமூர்த்தியை எழுப்புவார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். விளக்கை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். எதிரே யாரும் வரமாட்டார்கள்.

அரை மணி நேரம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் மயில் தெரியும்.